யானை ஏறினாலும் தாங்கும்

"மூணாந்தரமா? இதென்னங்க அநியாயம்!"

வேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வராதா பின்னே? தேயிலை விலை படுத்து, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற வேலை போனபோது அவளைக் கூப்பிட்டுச் சோறு போட்டது நீலகிரி ஜெகதளாவின் இந்தப் பட்டறைதான். மூங்கிலைக் கீறி, பசை போட்டு அழுத்திப் பலகை செய்கிற பட்டறை.

தரம் பார்க்கக் கோவையிலிருந்து வந்திருந்த தாரிணி நிதானமாகத்தான் சொன்னாள்.

"தண்ணியில ஊறப் போட்டா உப்பிருதுங்க. பாரம் ஏத்தினா பசை விட்டுப் பிரியுது. சுவத்துல அடிக்கலாம். ஆள் ஏறற பரணுக்கு ஆகாதுங்க."

பரணுக்குத்தான் ஆர்டரே! எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயன் வீடுகளில் பிள்ளைகள் படுக்கிற பரண். முதல் தர முத்திரை விழாவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எங்க லயனுக்குத்தானுங்க இது போகுது. எம் புள்ளைகதான் படுக்கப் போகுதுக. எங்களுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கா? படிச்சுட்டு வந்து எங்க வயித்துல அடிக்கறீங்களே!"

முதலாளி விஜயபாஸ்கர் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"அன்னிக்குக் கொழுந்து மட்டம்னு சொல்லி எங்க மலைக்காரங்களைக் கவுத்தாங்க. இப்பப் பலகையும் மட்டமா? உங்க மெஷின்தாங்க மட்டம்! எம் பலகை மேல யானை ஏறினாலும் தாங்கும்!"

பட்டறைப் பெண்கள் கைதட்டினார்கள். வேணி போய் வாசலை மறித்துக்கொண்டாள்.

"முதல் தரம்னு குத்திட்டுப் போங்க. அதுவரைக்கும் விட மாட்டோம்."

தாரிணிக்குக் கண் கலங்கிவிட்டது. முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து, முதலாளி வீட்டில் மரவேலை செய்கிற மோசஸ் வந்து நின்றார்.

"ஏனுங்க, பாப்பா ரூம்ல பரண் போடோணும்னீங்களே. நம்ம பலகையே நாலு எடுத்துக்கட்டுங்களா?"

"உனக்கென்னய்யா கிறுக்கா?" முதலாளி எரிந்து விழுந்தார். "கொழந்தை ஏறி வெளையாடற எடம்! குன்னூர் போயி நல்ல பிளைவுட்டா வாங்கிட்டு வா."

கைதட்டிய பெண்கள் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வேணி தாரிணியிடம் வந்தாள். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"அம்மணி, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே குத்துங்க. வேலை போனாப் போகட்டும். எங்கூட்டுல இருக்கறதும் கொழந்தைகதானுங்க."