நாஞ்சில் நாக்கு

செல்வதாஸின் சாப்பாட்டுக் கடையை எவனோ ஒருத்தன் ஃபேஸ்புக்கில் நாறடித்துக்கொண்டிருந்தான்.

பெயர் 'நாஞ்சில் நாக்கு'. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தென்னை மரம்.

"மீன்கறி ருசி. ஆனா கை கழுவுற இடத்துல வழுக்கி விழாம திரும்பி வந்தா அது நம்ம அதிர்ஷ்டம்" என்று முதல்நாள் எழுதியிருந்தான்.

செல்வதாஸுக்குத் தலை கொதித்தது. மஸ்கட்டில் வண்டி ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் போட்டு, மனைவி தேவகனியின் கைப்பக்குவத்தை நம்பி, கோட்டாற்றில் ஆரம்பித்த கடை. அடுக்களை அவளுக்கு, கல்லா அவருக்கு. நன்றாகத்தான் ஓடியது. எதிரே ஏ.சி. போட்ட ரெஸ்டாரண்ட் ஒன்று வந்த பிறகு மதியத்திலேயே பாதி மேசை காலி. கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பது, இல்லையென்றால் திரும்பவும் மஸ்கட்தான் என்று மச்சினனிடம் விசாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

பக்கத்தில் மொபைல் கடை வைத்திருந்த குமாரதாஸ்தான், ஊரே ஃபேஸ்புக்கில் கிடக்கும்போது நீ போர்டை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டு, கடைக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்தான். 2014-ல் அது புது யோசனை. செல்வதாஸ் தினமும் காலையில் ரோஜாப்பூவோடு 'குட் மார்னிங்' போட்டார். மதியம், மீன்கறிச் சட்டியோடு தானே நிற்கிற மாதிரி ஒரு படம். சொந்தக்காரர்கள் மட்டும் லைக் போட்டார்கள்.

அந்தப் பக்கத்தில்தான் இப்போது இந்த ஏச்சு.

"எதிர்க்கடைக்காரன் வேலைதான் மக்கா. இவனை இப்பமே தூக்கு" என்று போனை நீட்டினார்.

குமாரதாஸ் தூக்கவில்லை. "அழிச்சா அவன் சொன்னது உண்மைன்னு ஆயிரும். நீயே போய் ஒருக்க பாரு. வழுக்கிச்சுன்னா சரி பண்ணி அதைப் போட்டோ எடுத்துப் போடு. குறையை ஒத்துக்கிட்ட கடைன்னு இந்த ஜில்லாவுல ஒண்ணு உண்டா? அதுதான் நமக்கு விளம்பரம், கேட்டியா."

போய்ப் பார்த்தார். வழுக்கத்தான் செய்தது.

அரை மனதோடு சொரசொரப்பான கல் பதித்து, படத்தைப் போட்டு, 'சரி செய்துவிட்டோம், சொன்னதற்கு நன்றி' என்று எழுதினார். அன்றைக்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை.

நாக்கு அதோடு அடங்கவில்லை. பப்படம் பொரிக்கிற எண்ணெய் பழசு என்றான். எண்ணெயை மாற்றினார். பெண்கள் தனியாக வந்தால் எங்கே உட்காருவார்கள், எல்லா மேசையும் ரோட்டைப் பார்த்தே கிடக்கிறதே என்றான். உள்பக்கம் ஒரு தட்டி வைத்து மறைத்து, நாலு மேசையைத் திருப்பிப் போட்டார். மறுவாரமே ஜவுளிக்கடைப் பெண்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கேட்டுச் சாப்பிட்டார்கள்.

நாக்கு இன்றைக்கு என்ன சொல்லிற்று என்று பார்க்கவே பக்கத்துக்கு ஆள் சேர்ந்தது. சொன்னது நிஜமாகவே மாறியிருக்கிறதா என்று பார்க்கக் கடைக்கு ஆள் வந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் பிறந்ததும் வந்ததுதான் கடுமையானது.

"சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. கல்லாவுல இருக்கிறவர் வேலைக்காரங்களைத் திட்டுறதுதான் தொண்டையில நிக்குது."

செல்வதாஸ் போனைக் கொண்டுபோய்க் குமாரதாஸிடம் காட்டினார். இதுக்குப் பதில் போட வேண்டாம், விட்டுரு என்று குமாரதாஸே சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் ரோஜாப்பூ வரவில்லை. அந்த இடத்தில் 'உண்மைதான். மாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன்' என்று ஒரு வரி இருந்தது.

அந்த வரியை எத்தனையோ பேர் பகிர்ந்தார்கள். திட்ட வாயெடுக்கும்போதெல்லாம், நாக்கு எந்த மேசையில் இருக்கிறானோ என்று பயந்து மூடிக்கொண்டார். கொஞ்ச நாளில் பயம் போய்விட்டது. திட்டு மட்டும் திரும்பி வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மதியத்தில் வாசலில் ஆள் காத்து நின்றது. விசா வேண்டாம் என்று மச்சினனுக்குச் சொல்லிவிட்டு, செல்வதாஸ் ஃபேஸ்புக்கில் எழுதினார்: 'நாஞ்சில் நாக்கு அவர்களே, நீங்கள் யாராக இருந்தாலும் சரி, சனிக்கிழமை மதியம் வாருங்கள். உங்களுக்கென்று ஒரு இலை போட்டு வைக்கிறேன். நானே சோறும் கறியும் விளம்புவேன்.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'வாறேன்.'

சனிக்கிழமை நடு மேசையில் ஒரு இலையைப் போட்டுவிட்டு, செல்வதாஸ் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்த ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்தார். சிலரிடம் கேட்டும் பார்த்தார். இல்லை என்று சிரித்தார்கள். கூட்டம் வந்தது, சாப்பிட்டது, போனது. இலை அப்படியே கிடந்தது. வெட்கப்பட்டிருப்பான், இனி வரமாட்டான் என்று சொல்லிவிட்டுக் குமாரதாஸும் தன் கடைக்குப் போனான்.

அப்போதுதான் தேவகனி அடுக்களையை ஒதுக்கிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அது நாக்குக்குப் போட்ட இலை" என்றார் செல்வதாஸ், மெதுவாகத்தான். "அந்த மனுசன் இப்ப வந்தா என்ன செய்யது?"

தேவகனி இலையில் தண்ணீர் தெளித்தாள்.

"வந்தாச்சு, வெளம்புங்க. இதையெல்லாம் நேருல சொன்னப்ப ஒருக்கலும் கேக்கல்லிய. முகத்தைக் காட்டாம சொன்னாத்தானே உங்க காதுல ஏறுது?"