கூப்பிடு தூரம்

பாத்திரக்கடை தவசிக்கனிக்குப் பேரத்தில் கைவந்த வித்தை, எழுந்து நடப்பதுதான். நாலு கடை தாண்டுவதற்குள் எதிராளி கூப்பிட்டுவிடுவான். அன்று காலை மனைவியின் தம்பியை ‘ஓசிச்சோறு’ என்று சொல்லிவிட்டார். சொன்ன கணமே தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் பழக்கதோஷம், "அப்ப நான் போறேன்" என்று செருப்பை மாட்டினார்.

"போங்க. வாசலத் தாண்டினா தாண்டினதுதான்" என்றாள் செல்வக்கிளி. அவளும் ஜவுளிக்கடைக்காரர் மகள். முதலில் கூப்பிடுகிறவர்தான் இறங்கிப்போக வேண்டும் என்பது பால்பல் விழும் முன்பே தெரிந்தவள்.

முதுகெல்லாம் காதாக நடந்தார். "என்ன அண்ணாச்சி, தேர் மாதிரி நகருதிய?" என்று பூக்காரி சிரித்தாள். ‘கோவத்துல சொல்லிட்டேன் கிளி’ என்பது வாயில் தயாராகவே இருந்தது. அதைச் சொல்லத் திரும்ப வேண்டும். திரும்பினால் விலை இறங்கிவிடும்.

தெருமுனையில் பஸ் வந்தது. படியில் ஒரு கால் வைத்து நின்றார்.

"ஏறுதியளா, இல்லையா?" என்றார் கண்டக்டர்.

"கொஞ்சம் பொறுங்க. கூப்பிடுவாவ."

கண்டக்டர் தலையை நீட்டித் தெருவைப் பார்த்தார்.

"ஒரு அம்மா வாசல்ல வாயத் திறந்துக்கிட்டு நிக்காவ அண்ணாச்சி. சத்தந்தான் வரல" என்று சொல்லி, விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.