எர்த் ஒயர்

“என்னங்க, உங்க சிவப்பு ராணி இன்னைக்கும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குறா!”

ஷெட்டிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். முப்பது வருடம் கார்களுக்கு எலக்ட்ரீஷியனாக இருந்தவர் முணுமுணுத்தபடி எழுந்து வந்தார். அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒரு மாதமாகத் தினமும் காலையில் மக்கர் செய்துகொண்டிருந்தது.

“லைட் எரியுதா?”

“பளிச்சுன்னு எரியுது.”

“அப்போ பேட்டரி மேல குத்தமில்லை. இன்ஜினுக்குப் போற எர்த் ஒயர்தான் மறுபடியும் லூஸ். ஸ்பேனரை எடு.”

“நான் வேணா முடுக்கட்டுமா?”

“உனக்கு என்ன தெரியும்? தள்ளு!”

ஸ்பேனர் இரண்டு தடவை கை நழுவி விழுந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே குனிந்து எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நட்டை இறுக்கினார். கார் உறுமியது.

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பக்கவாதத்தில் விழுந்த வலது கைக்குத் தினமும் வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பயிற்சிக்காக அவர் தந்த ரப்பர் பந்தை இவர் அன்றே ஜன்னல் வழியாக வீசிவிட்டார்.

இப்போது அதே கையால் நட்டைத் தடவிப் பார்த்தார்.

“இந்தா பாரு, தினமும் கழட்டிக் கழட்டி இதோட முனையெல்லாம் மழுங்கிடுச்சு. நாளைக்கு வேற ஒயராப் பார்த்துக் கழட்டி வை.”