இரண்டாவது விளக்கு

சுங்முரோ தெரு ஸ்டுடியோவில் பழைய நெகட்டிவுக்கு அடியில் மலிவான எல்இடி பலகை எரிகிறது. மேலிருந்து கேமரா அதைப் படமெடுக்க, திரையில் ஓர் இளம் தம்பதி. "அம்மா போட்டிருக்கற ஹன்போக் உடுப்போட பட்டு நல்ல செவப்புங்க. இது துருப்பிடிச்ச மாதிரி இருக்கே! நாளைக்கு அப்பாவோட எழுபதாவது பிறந்தநாள் விருந்துல காட்டணும்" என்று முகம் சுளிக்கிறாள் அவர்களின் மகள் மியோக். கடைக்காரர் போம்சிக் விலை உயர்ந்த விளக்கை மாற்றி வைக்கிறார். நிறத்தை உள்ளபடி சொல்வது அதன் வேலை, சொல்கிறது. திரையில் பட்டு செக்கச் செவேலென்று பற்றி எரிகிறது. இதுவரை நிழலாகக் கிடந்த அம்மாவின் கன்னம் ஊதாவாகிறது, ஓரத்தில் மஞ்சள். அப்பாவின் கை அவள் தோளில் இருக்கிறது. மியோக் திரையருகே குனிகிறாள். பின்னாலிருந்து, கூட வந்திருக்கும் வயதான அம்மா கைப்பையை அணைத்தபடி எட்டிப் பார்க்கிறாள். "அன்னிக்கு எவ்வளவு பவுடர் அப்பியும் மறையல. அந்த மொதல் லைட்டையே போடுங்க தம்பி. அதுக்கு மறைக்கத் தெரியுது."