காவலை நிறுத்தியது யார்

“ஃபைலு தானாப் போகுமா புள்ள? கால் மொளைச்சு எந்திரிச்சுப் போகுமா?”

“நான் தொடவே இல்லீங்கப்பா! எம் பிராஜெக்டே அதுக்குள்ளதான் கெடக்குது. நானே எதுக்கு அழிக்கப் போறேன்?”

“அழிச்சாத்தான அவன் வருவான்!”

ஹவுசிங் யூனிட் பி பிளாக்கில் மூன்று மாடிக்கும் கேட்டது. கேட்காதவர்கள் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்கள்.

மாரப்பன் நூல் புரோக்கர். நூல் சுற்றின கோனைத் தொட்டதுமே எந்த மில் நூல் என்று சொல்லிவிடுவார். எதிரில் நிற்கும் மகள் சாருமதியைத்தான் அவரால் எடைபோட முடியவில்லை.

மேசைமேல் கம்ப்யூட்டர். கறுத்த திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே சேதி: இன்ன ஃபைலைக் காணோம்.

முந்தின நாளே அவர் கவனித்திருந்தார். மூலையில் பச்சையாக இருக்க வேண்டிய கேடயம் சிவந்து கிடந்தது. ஆன்டிவைரஸை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

வெளியாள் வரவில்லை. பூட்டு உடையவில்லை.

காவலில் குறை வைத்தவரா அவர்? ஒன்று போதாதென்று இரண்டு ஆன்டிவைரஸ் போட்டுப் பார்த்தவர். இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு நின்றன. ஒன்றைக் கழற்றத் தனியாக பிரான்சிஸ் வரவேண்டியதாயிற்று.

பிரான்சிஸ்தான் அந்த ‘அவன்’. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன். முன்நெற்றி பாதித் தலை வரைக்கும் ஏறியிருந்தது. அதையெல்லாம் பார்க்கிற நிலையில் மாரப்பன் இல்லை. வயசுப் பெண் இருக்கிற வீடு.

முதல் தடவை ஃபைல் போனதில் மர்மம் எதுவுமில்லை.

அன்றைக்குப் போகி. மாரப்பனின் தங்கை மயிலாத்தாள் பரணைத் துடைத்தாள். கிழிந்த பாயை எரித்தாள். அதே கையோடு கம்ப்யூட்டரையும் பெருக்கிவிட்டாள். தேதி பார்த்து, பழைய ஃபைலாக எடுத்தெடுத்து அழித்தாள்.

பிளாக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மயிலாத்தாளுக்கு ஜாதகம் அமையவில்லை. நாற்பது நெருங்குகிறது. அண்ணி இறந்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சமையலறைதான் அவளுக்கு ஊர் உலகம்.

பிரான்சிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தான். திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

“ஏனுங்க, காவலை நிறுத்திப்போட்டு இந்த ஃபைலையும் இந்த ஃபைலையும் மட்டும் தொட்டுராதீங்க. தொட்டா நான்தான் வரோணும்.”

பிளாக்கில் எல்லாப் பெண்களையும் அக்கா என்கிறவன். மயிலாத்தாளிடம் மட்டும் ‘ஏனுங்க’.

மாசியில் இரண்டாம் தடவை. அவன் வந்தான். சாருமதி பக்கத்தில் நின்று, பிராஜெக்டு பத்திரமா, பத்திரமா என்று நச்சரித்தாள். மாரப்பன் பேப்பருக்கு மேலாக இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே நான்கு கச்சாயம் தின்றார். பண்டிகை நோம்பிக்கு, ஊறின அரிசியை ஆட்டி வெல்லம் கலந்து எண்ணெயில் சுடுகிற பலகாரம். நோம்பி இல்லாத நாளில் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது பங்குனி. மூன்றாம் தடவை.

“எம்.காம். போதும் அம்மிணி. தாராபுரத்துல பொண்ணு கேட்டுட்டே இருக்காங்க. முடிச்சுப்போடலாம்.”

“பரீட்சை மட்டும் எழுதிக்கறேனுங்கப்பா.”

சாருமதியின் குரல் இறங்கிவிட்டது. எதிர்வீட்டு ஜன்னலுக்கு அதற்குமேல் காது பத்தவில்லை.

சாருமதி சமையலறை வாசலைப் பார்த்தாள். அத்தை அங்கேதான் நின்றிருந்தாள். கையில் ஊறின அரிசி.

அத்தை அடுப்பைப் பார்த்தாள்.

மாரப்பன் இந்தத் தடவை வேறு ஆளைக் கூப்பிட்டார். நரைத்த மீசை, மூன்று பேரன் எடுத்தவர். கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டு வெறும் டீ குடித்துப் போனார்.

ஊறின அரிசி புளித்துப் போயிற்று.

சித்திரையில் சாருமதிக்குக் கல்யாணம். பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. மேடையில் பிளாக்கே கண் கொட்டாமல் தேடியும் அவள் முகத்தில் ஒன்றும் அகப்படவில்லை. மயிலாத்தாள்தான் அழுதாள். தாய் கூட அப்படி அழமாட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் இரண்டு பேர்.

மாரப்பன் கம்ப்யூட்டருக்கு ஓர் உறை வாங்கிப் போட்டார். இனி நிம்மதி.

வைகாசியில் ஒரு காலை, உறையை எடுத்தார். பட்டனை அமுக்கினார்.

கறுத்த திரை.

இன்ன ஃபைலைக் காணோம்.

வயசுப் பெண் இல்லாத வீடு. இனி யார் வந்தால் என்ன? நரைத்த மீசைக்காரர் பேரனைப் பார்க்க ஓசூர் போயிருந்தார். பிரான்சிஸின் நம்பரையே தேடி எடுத்தார்.

போனைக் காதில் வைத்தார். மணி அடித்தது.

உள்ளேயிருந்து வாசனை வந்தது. எண்ணெயில் வெல்லம் பொரிகிற வாசனை.

“அண்ணா, சொல்லுங்ண்ணா,” என்றது போன். “அண்ணா?”

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி நின்றவர், நின்றபடியே இருந்தார்.

ஆவணியில் மயிலாத்தாள் கோபிசெட்டிபாளையத்துக்குக் குடிபோனாள். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டு பேருமாகப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் கடை திறந்திருக்கிறார்களாம்.

மாரப்பன் வீட்டுக் கம்ப்யூட்டர் அதற்கப்புறம் ஒரு நாளும் கெட்டதில்லை. மூலையில் கேடயம் பச்சையாகவே இருக்கிறது.

சாருமதியின் பிராஜெக்டு உள்ளே பத்திரமாக இருக்கிறது.