மாமனாருக்கு ஊற்றிய கிண்ணம்

"வாயை ஊதுடி!" மருமகள் நாக்யோங்கின் தாடையை இறுக்கிப் பிடித்தாள் மால்சுன்.

அறுவடைத் திருநாள் காலை. இறந்துபோன தன் கணவருக்காக மால்சுன் படையலில் ஊற்றிவைத்த அரிசி மதுவைக் காணோம். கிண்ணம் காலி. மருமகளின் முகமோ செக்கச்செவேல்.

"நான் தொடவே இல்ல, அத்தை."

"அதான் மூஞ்சியே சொல்லுதே! உன் மாமனாரும் இப்படித்தான். சொட்டுகூடக் குடிக்கலைன்னு சாகிற வரைக்கும் புளுகினார். அடிச்சுத் துரத்தினேன். உன்னையும் துரத்துறேன்."

நாக்யோங் மருத்துவமனைக் காகிதத்தை நீட்டினாள். "சிறுகுடல்ல நியூரோஎண்டோக்ரைன் கட்டி. இந்த வகை ஹார்மோனைக் கக்குமாம். குடிக்காமலே மூஞ்சி சிவக்கும், வயித்தால போகும்."

"நல்லா ஜோடிக்கிறே!"

மால்சுன் கிண்ணத்தைத் திரும்ப நிரப்பினாள். மருமகளின் மணிக்கட்டை அவள் விடாமல் பிடித்திருக்க, வழக்கப்படி இருவருமாகத் தரையில் நெற்றி பட இரண்டு முறை வணங்கினார்கள்.

நிமிர்ந்தபோது கிண்ணம் அடிவரை வறண்டிருந்தது.

மால்சுன் மணிக்கட்டை விட்டாள். மேசையிலிருந்த கணவரின் படத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"இதே மாதிரி காகிதம் ஒண்ணு அவரும் கொண்டாந்தார்," என்றாள். "படிக்காமலே அடுப்புல போட்டேன்."