மூன்று சிவப்புப் புள்ளிகள்

சுலோஜனா மேசையில் கிடந்த கைத்துப்பாக்கியைத் தூக்கியதும் தில்லைநாதன் கதவுப் பக்கமாக இரண்டடி பின்வாங்கினார்.

"பிள்ளை, கோவத்தில ஒண்டும் செய்து போடாதை! கீழ வை!"

"குண்டில்லாத துவக்கு, அண்ணை. பயப்பிடாதேங்கோ."

அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைக் குறி பார்த்தாள். கழகத் தலைவர் ஸ்டூடர், "அதில கை வைக்காதை!" என்று ஜெர்மன் மொழியில் கத்தினார். அவளோ பக்கத்தில் கிடந்த மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

"எனக்கு மூண்டும் வடிவாத் தெரியுது, ஹெர் ஸ்டூடர். புள்ளி வட்டமாத்தான் கிடக்கு."

"நீ வேற என்னத்தைச் சொல்லப்போறாய்?" என்றார் அவர்.

சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் ஊருக்கு வெளியே இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் கழகத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. அங்கேயே சமையல் செய்யும் தில்லைநாதன்தான் அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர். அதனால் அவள் ஒரு வாளியைக் கவிழ்த்தாலும் பழி தன் தலையில் விழும் என்று நடுங்கிக்கொண்டே இருப்பார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. கைத்துப்பாக்கியின் மேல் பூட்டுகிற, தீப்பெட்டி அளவுக் குறிக்கண்ணாடிகள் அப்போதுதான் அந்தக் கழகத்தை எட்டிப் பார்த்திருந்தன. கண்ணாடி வழியே பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதை இலக்கின்மேல் வைத்துச் சுட வேண்டியதுதான்.

எதை வாங்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டூடர் மூன்று கம்பனிகளிடமிருந்து ஒவ்வொன்று வரவழைத்திருந்தார். ஒன்று பாரம் குறைவு. ஒன்றுக்குக் கண்ணாடி அகலம். மற்றதில் புள்ளியின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நேற்றுப் பின்னேரம் மூன்றையும் துப்பாக்கிகளில் பூட்டி வைத்துவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று அறையைச் சாத்திக்கொண்டு போயிருந்தார்.

காலையில் பார்த்தார். வந்தது வினை.

"புள்ளி கமா மாதிரி வலப்பக்கம் இழுபட்டுக் கிடக்கு. மூண்டிலும் அப்பிடித்தான், ஒரே பக்கம், ஒரே மாதிரி! நேற்று வந்த புதுச் சாமான். எனக்குப் பிறகு இந்த அறைக்குள்ள வந்தது நீ மட்டும்தான். நிலம் துடைக்கிற தண்ணியால கண்ணாடியையும் துடைச்சிருக்கிறாய்."

"நான் மேசையைத் தொடவே இல்லை."

ஸ்டூடர் ஒரு கடதாசியை அவள் முன்னால் தள்ளினார். கவனக்குறைவால் மூன்றையும் பழுதாக்கிவிட்டேன் என்று அதில் தட்டெழுத்தில் இருந்தது. "கையெழுத்து வை. மன்னிச்சு வேலையில வைச்சிருக்கிறன். இல்லையெண்டா இண்டையோட போகலாம்."

சுவர் முழுக்க அவருடைய கிண்ணங்கள். முப்பது வருடமாகக் குறி தவறாத மனிதர் என்று பெயர். இரண்டு வருடமாக அவள் பெயரைக்கூட அவர் முழுதாகச் சொன்னதில்லை. ஊரில் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்கவா போகிறார்!

தில்லைநாதன் குரலைத் தாழ்த்தினார். "வைச்சு விடு, பிள்ளை. வாற கிழமை, இந்த நாட்டில இருக்கிறதுக்கான உன்ர பி பெர்மிட்டுக்கு இவையின்ர கடிதம் வேணுமெல்லோ? வேலை போனா எல்லாம் போச்சு."

"செய்யாத பிழையை என்னெண்டு ஒத்துக்கொள்ளுறது?"

"இந்த நாட்டில நாங்கள் குனிஞ்சுதான் போகவேணும்."

"நிலம் துடைக்கேக்க குனியிறன், அண்ணை. அது போதும்."

ஸ்டூடருக்குப் பொறுமை போய்விட்டது. "தில்லை, நீ வந்து பார்!" என்று ஒரு துப்பாக்கியை நீட்டினார். தில்லைநாதன் கண்ணாடி வழியே பார்த்தார். பிறகு ஸ்டூடரின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம் ஹெர் ஸ்டூடர், நீங்கள் சொல்லுறது சரிதான்."

சுலோஜனா தில்லைநாதனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூடரின் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேனையை எடுத்தாள். தில்லைநாதனுக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது.

அவள் கடதாசியைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு கமாவைக் கீறினாள்.

"உங்களுக்கு இப்பிடியோ தெரியுது?"

"அப்பிடியேதான்."

"இப்ப துவக்கைப் பக்கவாட்டில சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ."

"எனக்கு நீ பழக்குறியோ?" என்று உறுமினாலும், அவளைப் பொய்க்காரியாக்கிவிடும் ஆசையில் அவர் சரித்துப் பிடித்தார். பார்த்தார். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கமா இப்ப எந்தப் பக்கம்?"

"முந்தின மாதிரித்தான். அசையேல்லை."

"கண்ணாடியில நான் பூசின அழுக்கெண்டா, கண்ணாடியோட சேர்ந்து அதுவும் சரிய வேணுமெல்லோ?"

ஸ்டூடர் அவசரமாக மற்ற இரண்டையும் எடுத்து அப்படியே சரித்துச் சரித்துப் பார்த்தார். மூன்றாவதை வைக்கும்போது அவர் கழுத்து சிவந்திருந்தது.

"உனக்கு இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

கையெழுத்தில்லாத கடதாசியை அவள் அவர் பக்கமே தள்ளினாள்.

"யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில ஏழு வருசம் கண் வார்டு நேர்ஸ் நான். பிழை உங்கட கண்ணில."